பான்முன்ஜொமா, இஸ்தான்புல்லா?

1953 ஜூலை 27, காலை 10 மணி. கொரியப் போரை நிறுத்த, பான்முன்ஜொம் கிராமத்தில் அமெரிக்க ஜெனரல் வில்லியம் ஹாரிசனும் வடகொரிய ஜெனரல் நாம் இல்லும் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து 18 பிரதிகளில் கையெழுத்துப் போட்டார்கள். கை குலுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்விட்டார்கள். இரவு 10 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது.

உக்ரைன் போரை முடிக்க முன்வைக்கப்படும் வழிகளில் ஒன்று இதுதான். அவரவர் நிற்கிற இடத்தில் நிற்கட்டும், சுடுவது நிற்கட்டும், மற்றதை அப்புறம் பேசலாம். இன்னொன்று இஸ்தான்புல் வழி. 2022 மார்ச் 29-இல் ரஷ்யாவும் உக்ரைனும் அங்கே பேசியபடி, உக்ரைனின் நடுநிலை, அதன் பாதுகாப்புக்குப் பிற நாடுகளின் உத்தரவாதம், அதன் படை அளவு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் போரை நிறுத்துவது. 2025 மார்ச்சில் சவூதியின் ஜெத்தாவில் அமெரிக்கா முன்வைத்த 30 நாள் போர்நிறுத்தத்துக்கு உக்ரைன் சம்மதித்தது. புதின் 'மூல காரணங்களை' முதலில் தீர்க்கவேண்டும் என்றார். ஆகஸ்டில் அலாஸ்காவில் அவரைச் சந்தித்த பிறகு டிரம்ப்பும் போர்நிறுத்தத்தை விட்டுவிட்டு நேரடி ஒப்பந்தம் என்று மாறினார்.

எதை முதலில் செய்வது என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ரஷ்யாவின் கையில் உள்ள துருப்புச்சீட்டே மெல்ல முன்னே நகரும் போர்முனைதான். சுடுவதை நிறுத்திவிட்டால் மேசையில் அதற்கு மிச்சம் என்ன? உக்ரைனுக்கோ, குண்டு விழ விழப் பேசுவது கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு பேரம் பேசுவதுதான்.

இஸ்தான்புல் வரைவு எங்கே முட்டியது என்று பார்த்தால் விஷயம் புரியும். கீவ் அருகே புச்சாவில் ரஷ்யப் படை நடத்திய பொதுமக்கள் படுகொலை வெளிவந்தது மனநிலையை மாற்றியது, உண்மைதான். ஆனால் காகிதத்திலேயே சிக்கல் இருந்தது. உக்ரைன் 2,50,000 வீரர்கள் கேட்டது, ரஷ்யா 85,000 என்றது. டாங்கிகள் 800 என்றதற்கு 342. அதைவிடப் பெரிய இடி உத்தரவாதப் பிரிவில். உக்ரைன் தாக்கப்பட்டால் உத்தரவாதம் தந்த நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்டால்தான் நடவடிக்கை என்றது மாஸ்கோ. அந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று! திருடனிடம் சம்மதம் வாங்கிவிட்டுப் போலீசில் புகார் கொடு என்பது போல. 1994-இல் புடாபெஸ்டில் அணு ஆயுதங்களைக் கைவிட்டு வெறும் வாக்குறுதி வாங்கிய நாடு இதற்குக் கையெழுத்திடுமா?

அதற்குப் பிறகு நிலமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் கெர்சன், ஸபோரிஷியா உட்பட உக்ரைனின் நான்கு மாகாணங்களை ரஷ்யா தன்னுடையது என்று அறிவித்தது. கெர்சன் நகரம் அந்த நவம்பரிலேயே கைநழுவியது. ஸபோரிஷியா நகரத்தை ரஷ்யா பிடிக்கவே இல்லை. ஆனாலும் நிலத்தை விட்டுக்கொடுக்க ரஷ்ய அரசியல் சட்டம் இடம் தராது. உக்ரைனிலோ எல்லையை மாற்ற நாடு முழுதும் வாக்கெடுப்பு வேண்டும், இராணுவச் சட்டம் இருக்கும்வரை வாக்கெடுப்பே நடத்த முடியாது. கொரிய வழியின் சாமர்த்தியம் இங்கேதான். நிலம் யாருடையது என்று அது கேட்பதில்லை, கோடு எங்கே என்று மட்டும் கேட்கிறது. அதனால் என் ஓட்டு பான்முன்ஜொமுக்கே.

சரி, அது மட்டும் சுலபமா? கொரியாவில் அந்தக் காகிதத்துக்கே இரண்டு வருடம் ஆனது, கைதிகள் விவகாரத்தில் இழுத்தடித்தார்கள், நடுவில் ஸ்டாலின் சாகவேண்டியிருந்தது. அங்கே கோடு சுமார் 250 கிலோமீட்டர், இங்கே ஆயிரத்துக்கும் மேல். இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் விலகி நின்றது அங்கே போதுமாக இருந்தது. டிரோன்கள் பறக்கும் இந்தப் போரில் அது எந்த மூலைக்கு?

கொரியக் கோட்டைக் காப்பாற்றியது அந்தக் காகிதமும் அல்ல. அதே 1953 அக்டோபரில் தென்கொரியாவுடன் அமெரிக்கா போட்ட பாதுகாப்பு ஒப்பந்தமும், இன்றும் அங்கே இருக்கிற 28,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும்தான். உக்ரைனுக்கு அப்படி யார்? போர் நின்றால் படை அனுப்பத் தயார் என்று பிரிட்டனும் பிரான்சும் சொல்கின்றன. நேட்டோ நாட்டுச் சிப்பாய் ஒருவன்கூட வரக்கூடாது என்கிறது ரஷ்யா. காவலுக்கு ஆள் இல்லாத கோடு என்ன ஆகும் என்பதற்கு, கிழக்கு உக்ரைன் சண்டையை நிறுத்தப் போட்ட மின்ஸ்க் உடன்பாடுகள் இருக்கின்றன. 2015 பிப்ரவரி 12-இல் இரண்டாவது மின்ஸ்க் உடன்பாடு, ஒரு வாரத்துக்குள் டெபால்ட்சேவ் நகரம் ரஷ்ய ஆதரவுப் படைகளிடம் வீழ்ந்தது. நிராயுதபாணியான கண்காணிப்பாளர்கள் மீறல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் வெளியே, யாரும் பெரிதாகப் பேசாத மூன்றாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னச் சின்ன உடன்பாடுகள். துருக்கியும் ஐ.நா.வும் முடித்துவைத்த தானிய உடன்பாடு ஒரு வருடத்தில் சுமார் 3.3 கோடி டன் தானியத்தைக் கருங்கடல் வழியே வெளியேற்றியது. 2023 ஜூலையில் ரஷ்யா விலகியதும் அதுவும் போனது. கைதிகள் பரிமாற்றம் மட்டும் நிற்கவில்லை. 2025 மே மாதம் இஸ்தான்புல்லில் இரு தரப்பும் இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டன, உருப்படியாகக் கிடைத்தது ஆயிரத்துக்கு ஆயிரம் என்ற பரிமாற்றம். செர்னிஹிவ் பகுதியில் பேருந்துகள் வந்து நின்றன. மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக வீரர்கள் இறங்கினார்கள். கூட்டத்தில் தங்கள் ஆள் வராத பெண்கள் புகைப்படங்களை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, இவனைப் பார்த்தாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.