மல்லாவிப் புழுதியில் நான்கு ஆண்டுகள்: என் உலோக டைகர்

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன், ரிமோட்டில் ஓடும் மாதிரி டாங்கியைப் புதிதாக வாங்குபவர்களுக்கு அது ஒன்றே போதும். உலோகச் சங்கிலியை முதலில் மாட்டாதீர்கள். கியர் பொக்ஸ், ஸ்புரொக்கெட் (சங்கிலியை இழுக்கும் பற்சில்லு), பின் சில்லு, அப்புறம்தான் சங்கிலி.

2021 மார்கழியில் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு டைகர் 1 மாதிரி டாங்கி கொண்டுவந்தார், இரண்டாம் உலகப் போரின் ஜேர்மன் டாங்கி அது. 1/16 அளவு, 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட், பிளாஸ்டிக் உடல், உள்ளே நைலோன் பற்சில்லுகள். மேலதிக லிதியம் பற்றரியைப் பெரிய பெட்டியில் போட விமானத்தில் விடமாட்டார்கள் என்பதால் அதைக் கைப்பையில் வைத்திருந்தார். கூடவே ஒரு சோடி உலோகச் சங்கிலியும் வாங்கி வந்திருந்தார். அன்று இரவே பிளாஸ்டிக் சங்கிலியைக் கழற்றி அதை மாட்டிவிட்டேன்.

பாரம் ஒரேயடியாக ஒரு கிலோவுக்கு மேல் கூடியது. தைப்பொங்கலன்று முற்றத்தில் அழகாக ஓடிய வண்டி, மாசி முடிவதற்குள் ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. திறந்து பார்த்தால், ஸ்புரொக்கெட்டின் பிளாஸ்டிக் பற்களைச் சங்கிலி அரம் போல அராவியிருக்கிறது. கியர் பொக்ஸுக்குள் நைலோன் பற்சில்லு பாதி தூளாகிக் கிடந்தது.

அது 2022. இலங்கையில் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டிய நேரம். பெற்றோலுக்கு வரிசை, 13 மணிநேர மின்வெட்டு. அந்த நேரத்தில் விளையாட்டுச் சாமானுக்கு உதிரிப்பாகம் எடுக்க மனம் வரவில்லை. வண்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். உருக்குப் பற்சில்லு போட்ட கியர் பொக்ஸ் 2023 சித்திரையில்தான் கைக்கு வந்தது. உலோக ஸ்புரொக்கெட்டையும் பின் சில்லையும் அதோடு சேர்த்தே எடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பல்கூட உடையவில்லை.

ஆனால் கியர் பொக்ஸ் பலமானதும் அடுத்த பலவீனம் வெளியே வந்தது. டைகரின் ஸ்புரொக்கெட் முன்பக்கம்தான் இருக்கிறது, அதனால் மாதிரியிலும் கியர் பொக்ஸ் மூக்குப் பகுதியில்தான் உட்காரும். பிளாஸ்டிக் அடித்தட்டு அந்த இழுவைக்கு நெளிந்தது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஸ்புரொக்கெட் உள்ளே சாய, சங்கிலி கழன்றது. அடித்தட்டையும் உலோகத்துக்கு மாற்றிய பிறகுதான் வண்டி நேரானது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுகிக் கொடுத்துச் சில்லைத் தாங்கும் முறுக்குக் கம்பி வைத்த அடித்தட்டு அது. உண்மையான டைகரிலும் முறுக்குக் கம்பிதான். ஒவ்வொரு சில்லும் தனித்தனியே மேடு பள்ளத்தை ஏறி இறங்குவதைப் பார்க்கத் தரையில் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

இப்போது தராசில் 7 கிலோ 400 கிராம். உண்மையான டைகர் 57 தொன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 16இல் ஒன்றாகச் சுருங்கினால் பாரம் 4096இல் ஒன்றாகும். கணக்குப்படி என் வண்டி ஏறக்குறைய 14 கிலோ இருக்க வேண்டும். பாதியைத்தான் எட்டியிருக்கிறேன், ஆனால் இதற்கு மேல் ஏற்றப்போவதில்லை. வேகத்தை 16ஆல் மட்டும் பிரித்தால் போதும்: மணிக்கு 38 கிலோமீற்றரில் ஓடியது இங்கே மணிக்கு 2.4 கிலோமீற்றர், பக்கத்தில் மெதுவாக நடந்து போகிற வேகம். புதிதில் வேகம் போதவில்லை என்று நினைத்தேன். இப்போது பாரமான ஒரு பொருள் அந்த நடையில் போவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி எங்கள் மண். மல்லாவியில் கிரவல் ஒழுங்கைகள், குளக்கட்டோரம் செம்மண், மாரி வந்தால் வயலோரக் களி. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி எதற்குள்ளும் போய்விடும். நான் சங்கிலிக் கண்ணிகளைக் கோக்கும் முள்களுக்கு நன்றாகக் கிறீஸ் பூசி வைத்திருந்தேன். கிறீஸும் புழுதியும் சேர்ந்தால் மோட்டார் சைக்கிள் கராஜில் வால்வு தேய்க்கிற பசை மாதிரியே வேலை செய்யும். இரண்டு மாதத்தில் முள்கள் மெலிந்து, சங்கிலி ஒரு கண்ணி நீளம் இழுபட்டுவிட்டது. இப்போது சங்கிலிக்கு எந்த எண்ணெயும் கிடையாது. பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, கிராபைட் தூள் தூவுகிறேன். போகலவிலும் கஹட்டகஹவிலும் கிராபைட் தோண்டி எடுக்கிற நாடு இது, எனக்கு ஒரு கட்டைப் பென்சிலின் கூரே போதுமாக இருக்கிறது.

சில்லுகளுக்கு முதலில் போல் பெயரிங் போட்டேன். ஒரு மாரியில் துருவேறி இறுகிவிட்டது. கிளிநொச்சியில் லேத் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் ஒன்றைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தப் புழுதிக்கு இது நிக்காது. பித்தளையில புஷ் கடைஞ்சு தாறன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சில்லுகளுக்குப் பித்தளை புஷ் (அச்சைச் சுற்றி நிற்கும் குழாய் வளையம்), துளி தையல் மெஷின் எண்ணெய். இறப்பர் மூடி போட்ட பெயரிங்கை கியர் பொக்ஸுக்குள் மட்டும் வைத்திருக்கிறேன்.

டைகரைத் தெரிவு செய்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பக்கத்துக்கு எட்டு அச்சு, சில்லுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். கிரவல் கல் ஒன்று இடையில் செருகினால் அந்தப் பக்கம் அப்படியே இறுகும், மோட்டார் முனகும், நிறுத்தாவிட்டால் எரியும். ரஷ்யக் குளிரில் இந்த இடுக்கில் சேறு உறைந்துபோய் உண்மையான டாங்கிகளே நகர முடியாமல் நின்றிருக்கின்றன. உள்சில்லைக் கழற்ற வெளிச்சில்லுகளையும் கழற்ற வேண்டும் என்ற தொல்லையும் அப்படியே இருக்கிறது. கிரவலில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஷெர்மன், டி-34 போன்ற வேறு டாங்கி மாதிரி நல்லது.

பற்றரி இரண்டு செல், 7.4 வோல்ட். கூட வந்த சிறியது பாரம் கூடிய பிறகு கால் மணிநேரம்தான் தாங்கியது. 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் முக்கால் மணிநேரம் ஓடுகிறது. செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடுவதில்லை. தகரக் கொட்டிலில் சித்திரை வெக்கையில் விட்ட ஒன்று ஊதிப்போனது. அதன் பிறகு வீட்டுக்குள் மண்பானையில்தான் வைக்கிறேன்.

சுடும் பொறியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டு சுடும் பொறி ஒன்றும், இயந்திரச் சத்தமும் வெடிச்சத்தமும் போடும் ஸ்பீக்கர் ஒன்றும் உள்ளே இருந்தன. பொறியை முதல் நாளே கழற்றினேன். உலோகச் சங்கிலி மாட்டிய அன்று சீமெந்துத் தரையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அம்மா குசினியிலிருந்து எழுந்து வந்து, "உந்தச் சத்தம் வீட்டுக்குள்ள வேண்டாம், ராசா" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. 2009இல் நாங்கள் எந்தச் சத்தத்துக்கு முன்னால் நடந்து போனோம் என்பது எனக்கும் தெரியும், அப்போது எனக்கு வயது 11. ஸ்பீக்கர் வயரை வெட்டிவிட்டேன். அதன் பிறகு வீட்டுக்குள்ளோ வேறு வீட்டு வாசலிலோ ஓட்டியதில்லை. எங்களோடு படித்தவர்கள், அயலில் இருப்பவர்கள் எல்லோரும் அதைக் கடந்து வந்தவர்கள்.

2024இல் சுடுகலக் கோபுரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். உள்ளே இருந்த கட்டுப்பாட்டுப் பலகை, வண்டி நின்ற இடத்தில் திரும்பும்போது சூடாகி நின்றுபோகும், அதையும் எடுத்துவிட்டு இரண்டு வேகக் கட்டுப்படுத்திகளும் ஆறு சனல் ரிமோட்டும் போட்டேன். மிச்சமிருந்த சனலில், முன்தகட்டைத் தூக்கி இறக்க, உலோகப் பல் சேர்வோ (சிறு மோட்டார்) ஒன்று. தேய்ந்த மண்வெட்டித் தகட்டை கிரைண்டரில் வெட்டி, கொஞ்சம் வளைத்து, முன்னால் பூட்டினேன். இப்போது அது மஞ்சள் டோசர். டைகரின் அகலச் சங்கிலி இதற்கென்றே செய்தது போல இருக்கிறது: ஈர மணலில் தன் பாரத்தில் பாதியைத் தயங்காமல் தள்ளும். காய்ந்த மணலில் மட்டும் நின்ற இடத்தில் திருப்பாதீர்கள், சங்கிலி கழன்றுவிடும். அகலமாக வளைத்து எடுங்கள்.

அயல் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். எங்கள் பக்கம் மிதிவெடி அகற்றி முடித்த இடம்தான், இருந்தாலும் பற்றைக்குள் வண்டி போக விடுவதில்லை. ஒழுங்கையும் வளவும் மட்டும்.

போன கிழமை கிணற்றடி வாய்க்கால் உடைத்த இடத்தில் அம்மாவே வந்து, கத்தரிப் பாத்திக்கு வரம்பு போடச் சொன்னா. இரண்டு பற்றரி முடிந்தது, வரம்பு ஒரு சாண் உயரம் வந்தது. இடது சங்கிலியில் எட்டு முள் தேய்ந்திருக்கிறது. மாரி தொடங்குவதற்கு முன் அவற்றை மாற்ற வேண்டும்.