பீச் ஸ்டேஷன் அத்தோ: தனியாகப் போகாதீர்கள்

சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலமானால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வந்துவிடும். நான் வழக்கமாகச் சாப்பிடும் வண்டிக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஆனால் கூட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆரஞ்சு நிற நூடுல்ஸைச் சூடு பண்ணாமல் அப்படியே கிண்ணத்தில் போட்டு, மெலிதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், அந்தப் பொரித்த எண்ணெயில் ஒரு கரண்டி, மேலே தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார் அண்ணன். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். புளிப்பு முதலில் ஏறும், காரம் கொஞ்சம் தாமதமாக வந்து நிற்கும்.

நூடுல்ஸ் என்றாலே ஆவி பறக்க வர வேண்டும் என்று பழகியவர்களுக்கு முதல் வாய் ஒரு மாதிரிதான் இருக்கும். நான் கூட்டிப்போன பலரும் முகம் சுளித்திருக்கிறார்கள். அப்புறம் பக்கத்தில் நிற்கிறவர் சூப்பைக் கொஞ்சம் நூடுல்ஸ் மேலேயே ஊற்றி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்து அதே மாதிரி செய்வார்கள், தட்டு காலியாகிவிடும். அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1980இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் காட்டியது: ஒரு காயை ஒதுக்குகிற சின்னப் பிள்ளையை, அதை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு சில நாள் உட்கார வைத்தால், அதுவும் அந்தக் காயை எடுக்க ஆரம்பித்துவிடுகிறது, யாரும் சாப்பிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

இந்தச் சாப்பாடு இங்கே வந்ததும் ஆட்களோடு சேர்ந்துதான். பர்மாவில் 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியதும் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறித் திரும்பின. சென்னையில் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேறியவர்கள் பர்மாவில் பழகிய ருசியையும் விடவில்லை. இந்தச் சூப்புக்கு மூலம் அங்கே சாப்பிடும் மொய்ங்கா, அது மீன் போட்ட குழம்பு. இங்கே தள்ளுவண்டிக்கு வந்தபோது மீன் போய்விட்டது, வாழைத்தண்டு தங்கிவிட்டது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தக்கபடி சமையலும் வளைந்து கொடுத்திருக்கிறது. ரங்கூன் எந்தத் திசை என்றே தெரியாத காலேஜ் பசங்கள் இன்றைக்கு அத்தோவை நம்ம ஊர்ச் சாப்பாடு என்று உரிமையோடு சொல்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. நேரமாக ஆக சூப் வற்றி உப்புக் கரிக்கும், சீக்கிரம் போய்விடுங்கள். உட்கார இடமில்லை. அஜினமோட்டோ வேண்டாம் என்றால் பிசைவதற்கு முன்பே “அண்ணா, அது போடாதீங்க” என்று சொல்லிவிட வேண்டும். பார்சல் வாங்கவே வாங்காதீர்கள், வீடு வருவதற்குள் தட்டை நமுத்துப்போகும், அதோடு யாரையும் பார்த்துச் சாப்பிடவும் முடியாது. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் புளியும் அடைத்துத் தருவார்கள். புதுசாக வருகிறவர்களுக்கு அதை முதலில் வாங்கிக் கொடுங்கள், அத்தோவை அப்புறம் சொல்லலாம்.