இளம் டிஸ்டில்லரியில் போர்பன் வாங்குமுன்: ஊற்றிக் கொடுப்பது வேறு, பாட்டிலில் இருப்பது வேறு

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், திறந்து சில ஆண்டுகளே ஆன போர்பன் என்னும் அமெரிக்க மக்காச்சோள விஸ்கியை வடிக்கும் ஒரு சிறு டிஸ்டில்லரியில் (மது வடிப்பாலையில்) நடந்தது. பெயர் வேண்டாம், ஏமாற்றும் முறை தெரிந்தால் போதும். சுவைத்துப் பார்க்கும் அறையில் லேபிள் இல்லாத கண்ணாடிக் குடுவையிலிருந்து ஊற்றினார்கள். வனிலா, கருக்கிய சர்க்கரை, தொண்டையில் நெடுநேரம் நின்ற இதமான சூடு. "இதுதான் எங்கள் போர்பன்" என்று 70 டாலருக்கு மூடிய பாட்டிலைத் தந்தார்கள். வீட்டில் திறந்தால் பச்சைச் சோள வாடை, மரத்தூள், நாக்கை இழுக்கும் துவர்ப்பு. பின்பக்க லேபிளின் அடியில் பொடி எழுத்தில் '14 மாதம்' என்று இருந்தது. விசாரித்தபோது, குடுவையில் இருந்தது இண்டியானா மாநிலத்தில் வாங்கிய 6 ஆண்டுச் சரக்கு, தங்கள் சரக்கு வருங்காலத்தில் அப்படி ஆகும் என்று காட்டவே அதை ஊற்றினோம் என்றார்கள். திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

14 மாதச் சரக்கைப் போர்பன் என்று விற்பது சட்டப்படி சரிதான். குறைந்தது 51% மக்காச்சோளம், உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் கலன், வடிக்கும்போது 80 சதவீதத்துக்கும் பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கும் மிகாத ஆல்கஹால், பாட்டிலில் குறைந்தது 40%. இவை இருந்தால் போதும், குறைந்தபட்ச வயது கிடையாது. 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டால் 2 ஆண்டு கட்டாயம். 4 ஆண்டுக்குக் குறைந்த எதற்கும் வயதை லேபிளில் எழுதியே ஆக வேண்டும். ஆகவே முதலில் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். 'ஸ்மால் பேட்ச்' (சிறு தொகுதி), 'கைவினை' போன்ற சொற்களுக்குச் சட்டத்தில் வரையறையே இல்லை.

அடுத்து, வடித்தது யார் என்று பாருங்கள். 'டிஸ்டில்டு பை' (வடித்தவர்) என்பதும் 'பாட்டில்டு பை' (பாட்டிலில் அடைத்தவர்) என்பதும் ஒன்றல்ல. வேறு மாநிலத்தில் வடித்த விஸ்கி என்றால் அந்த மாநிலத்தின் பெயர் லேபிளில் இருக்க வேண்டும். வெளியே வாங்கி விற்பதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. அயோவா மாநிலத்தின் பழைய செய்முறை என்று விளம்பரப்படுத்தப்பட்ட டெம்பிள்டன் ரை என்ற விஸ்கி இண்டியானாவில் வடித்தது என்று தெரிந்து வழக்கானது; 2015இல் சமரசமாகி, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

நிறத்தை நம்பவே கூடாது. போர்பனில் நிறமூட்டி சேர்க்கத் தடை என்பதால், கருஞ்சிவப்பாக இருந்தால் முதிர்ந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். வழக்கமான பீப்பாய் 53 கேலன், ஏறக்குறைய 200 லிட்டர். அவசரக்காரர்கள் 5 கேலன் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். அதில் ஒவ்வொரு லிட்டருக்கும் படும் மரப்பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். நிறமும் துவர்ப்பும் சில மாதங்களிலேயே இறங்கிவிடும். ஆனால் பீப்பாய்க்குள் காற்று மெல்லப் புகுந்து சரக்கின் முரட்டுத்தனம் தணிவதற்கும், பழ மணம் தரும் எஸ்டர்கள் உருவாவதற்கும் ஆண்டுகள் வேண்டும். அதைச் சிறு பீப்பாய் சுருக்கித் தராது. பச்சைத் தானியமும் மிகையான மரமும் ஒரே மிடறில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பீப்பாய் அளவை லேபிளில் எழுதும் கட்டாயம் இல்லை, வாய்விட்டுக் கேளுங்கள்.

சுவைக்கும்போது, விற்கும் பாட்டிலையே கண்முன் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். ஐஸ் வேண்டாம், குளிர் குறைகளை மூடும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் 15 மி.லி. ஊற்றிச் சில நிமிடம் விட்டு, வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை தூக்கலாக வந்தால், வடிப்பில் முதலில் வருவதைச் சரியாக ஒதுக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஈர அட்டைப்பெட்டி வாடை என்றால் கடைசியில் வருவதையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். முதல் மிடறில் காரம் மட்டுமே தெரியும், இரண்டாவதில் முடிவு செய்யுங்கள். பிறகு தண்ணீர். 50% சரக்கு 15 மி.லி.க்கு முக்கால் தேக்கரண்டி விட்டால் ஏறக்குறைய 40% ஆகும். முதிராத போர்பன் இங்கேதான் பிடிபடும்: இனிப்பு விலகி, சோளமட்டை வாடை மேலே வரும்.

ஒப்பிட ஒரு பாட்டில் வீட்டில் இருக்கட்டும். 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று எழுதியிருந்தால், 1897ஆம் ஆண்டுச் சட்ட வழியில் வந்த விதிப்படி, ஒரே டிஸ்டில்லரியில் ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது 4 ஆண்டு முதிர்ந்தது, ஆல்கஹால் சரியாக 50%. 'எவன் வில்லியம்ஸ்' என்ற பிராண்டின் வெள்ளை லேபிள் பாட்டில் இந்த வகை, விலையும் குறைவு. அதன் பக்கத்தில் வைத்துக் குடித்தால் 70 டாலருக்கு என்ன கிடைத்தது என்பது தெரிந்துவிடும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் லேபிளின் இரு பக்கத்தையும், பேட்ச் எண்ணையும், ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட லேபிள்கள் மது லேபிள்களைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய அரசின் டிடிபி (TTB) அமைப்பின் இணையப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. பிராண்ட் பெயரை இட்டுத் தேடி ஒப்பிடுங்கள். லேபிளில் வயதோ மாநிலமோ விடுபட்டிருந்தால் டிடிபியிடம் புகார் செய்யலாம். காட்டியது ஒன்று, விற்றது ஒன்று என்றால் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதுங்கள்.