லெட்ஜரா, ட்ரெசரா?

பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களைப் பாதுகாக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்கக் கிளம்பும் பலர் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள்: பிரான்ஸின் லெட்ஜர் நானோ எஸ் பிளஸ், செக் நாட்டின் ட்ரெசர் சேஃப் 3. இரண்டிலும் காயின் உள்ளே இருப்பதில்லை, அது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது அதைச் செலவழிக்கத் தேவைப்படும் ரகசியச் சாவி மட்டும்தான்.

லெட்ஜர் அந்தச் சாவியைப் பாதுகாப்புச் சிப்புக்குள் பூட்டிவைக்கிறது. ஆனால் அதில் ஓடும் ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, வெளியார் முழுதாகப் படித்துப் பார்க்க முடியாது. 2023 மே மாதம், கருவி தொலைந்தால் சாவியைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களை மூன்று துண்டாக்கி மூன்று நிறுவனங்களிடம் வைக்கும் கட்டணச் சேவையை அறிவித்தபோது பயனர்கள் கொதித்தது அதனால்தான். விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் சாவி வெளியே போக வழியே இல்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

ட்ரெசரின் நிரல் திறந்த மூலம், யாரும் படித்துப் பார்க்கலாம். பழைய மாடல்களில் பாதுகாப்புச் சிப் கிடையாது. கருவி கையில் சிக்கினால் சொற்களை உருவிவிட முடியும் என்று 2020-ல் கிராகன் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். சேஃப் 3-ல் சிப் வந்துவிட்டது. என் ஓட்டு இதற்கே.

செட்டப் இரண்டிலும் இரண்டு பட்டன்களை வைத்துத்தான். பின் எண்ணைத் தப்பாகப் போட்டால் லெட்ஜர் மூன்றாவது முறையே எல்லாவற்றையும் அழித்துவிடும். ட்ரெசர் அதைவிட அதிக முறை பொறுக்கும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. லெட்ஜர் தருவது 24 மீட்புச் சொற்கள். சேஃப் 3 இப்போது தானாகத் தருவது 20 சொற்கள், அது வேறு முறை. அந்த 20 சொற்களை லெட்ஜரில் நேரடியாக ஏற்ற முடியாது. நாளைக்குக் கருவியை மாற்றும் எண்ணம் இருந்தால் ட்ரெசரில் தொடக்கத்திலேயே 12 அல்லது 24-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இந்தச் சொற்களைச் சீட்டில் எழுதும்போது அவசரம் கூடாது. 12, 24 சொல் முறைக்கான 2048 சொற்களின் பட்டியலில் ஆக்டரும் உண்டு, ஆக்ட்ரஸும் உண்டு. ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்து எந்த இரண்டு சொல்லுக்கும் ஒன்றாக வராது. அந்த நான்கையாவது அச்சுப்போல எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே கூட அனுப்பாதீர்கள்.

ஐபோன் மட்டுமே வைத்திருப்பவர் என்றால் கணக்கு மாறும்: ப்ளூடூத் உள்ள லெட்ஜர் நானோ எக்ஸ் வசதி. எதை வாங்கினாலும் நிறுவனத்திடமே வாங்குங்கள், செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதிய சீட்டு இருந்தால் அது திருடன் வைத்த பொறி.

அப்புறம், முதலில் சின்னத் தொகை அனுப்புங்கள். கருவிக்குள் இருக்கும் சாவியை நீங்களே அழித்து, சீட்டைப் பார்த்து மீட்டெடுங்கள். அந்தத் தொகை திரும்பத் தெரிந்த பிறகு மீதியை அனுப்பலாம்.