திக்கலுக்கு எதிரொலிச் செயலி: ஒயர் இயர்போன் போதும், புளூடூத் வேண்டாம்

பேசுகிறவரின் குரலையே சற்றுத் தாமதித்து அவர் காதுக்குத் திருப்பி அனுப்பும் செயலிகள் பிளே ஸ்டோரில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'டிஏஎஃப்' (DAF, தாமதித்துக் கேட்கும் சொந்தக் குரல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தேடினால் வரிசையாக வரும். இதே வேலையைச் செய்யும், காதுக்குள் பொருத்துகிற தனிக் கருவி அமெரிக்காவில் சில ஆயிரம் டாலர். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவர் அந்தக் கருவிக்கு ஆசைப்படுவதற்கு முன், கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனும் ஒரு சாதா ஒயர் இயர்போனும் எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்துவிடலாம். வாசிப்புப் பயிற்சிக்கு நன்றாகவே வரும். பஸ்ஸிலும் போன் பேச்சிலும் கைவிட்டுவிடும்.

"தக்கலைக்கு ஒரு டிக்கெட்" என்று மனசுக்குள் எத்தனை தடவை சொன்னாலும் திக்குவதில்லை. திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் சொல்வது இதுதான். கண்டக்டர் வந்து நின்றதும் 'த'விலேயே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் மனசுக்குள் பேசுவதற்கும் வாய்விட்டுப் பேசுவதற்கும் மூளையில் வேலை செய்கிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வாய்க்குக் கட்டளை கிளம்பும்போதே, வரப்போகிற சத்தம் இன்னது என்று கேட்கும் பகுதிக்கும் ஒரு நகல் போய்விடுகிறது. அதனால்தான் சொந்தக் குரலுக்கு அந்தப் பகுதி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. மௌனமாகச் சொல்லும்போதும் இந்த நகல் போகிறது. மனசுக்குள் சொல்லும் ஒலியும் அதே நொடியில் காதில் விழும் ஒலியும் ஒன்றாக இருந்தால், கேட்கும் பகுதியின் எதிர்வினை குறைகிறது என்று 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று மூளை மின்னலைகளை அளந்து காட்டியது. மௌனத்தில் இல்லாதது மற்றது: மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு எல்லாம் ஒரே நேரத்தில் சேர வேண்டிய வேலை, திரும்பி வரும் சத்தத்தை நகலோடு ஒப்பிடும் வேலை. திக்கல் பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

செயலி தலையிடுவதும் இங்கேதான். சாமிதோப்பில் அய்யாவழிக்காரர்கள் சொல்லும் உகப்படிப்பு வழிபாட்டிலோ கோட்டாறு சவேரியார் கோயில் ஜெபமாலையிலோ எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போது கடுமையான திக்குவாய்க்காரருக்கும் சொல் தடையில்லாமல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். திக்குபவர்களின் மூளையில் வலப் பக்கம் மிகையாகச் செயல்படுவது, சேர்ந்து வாசிக்கும்போது தணிவதை 1996-ல் ஸ்கேன் ஆய்வு ஒன்று பதிவு செய்தது. தாமதித்து வரும் சொந்தக் குரல், பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்து சொல்வது மாதிரி ஒரு ஏமாற்று.

தொடக்கத்துக்கு 50 முதல் 75 மில்லிநொடி சரியான அளவு. பேச்சின் வேகம் பெரிதாகக் குறையாமலே பலருக்குத் திக்கல் குறைகிறது. 150-க்கு மேலே போனால் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். 200 பக்கம் போனால் திக்கலே இல்லாதவரும் தடுமாறுவார். 1950-ல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் டேப் ரெக்கார்டரை வைத்துக் கண்டது இந்தத் தடுமாற்றத்தைத்தான். வீட்டில் யாராவது "இதெல்லாம் சும்மா" என்றால் அவர் காதில் மாட்டி 200-ல் வைத்து நாளிதழை வாசிக்கச் சொல்லுங்கள். சுருதி மாற்றும் வசதியும் இருந்தால் அரை ஸ்தாயி மேலே அல்லது கீழே வைக்கலாம். இரண்டையும் முதல் நாளே சேர்த்துப் போடாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இனி பெரிய கோளாறு. திரையில் 60 என்று காட்டினால் காதுக்கு வருவது 60 அல்ல. மைக்கில் வாங்கிக் காதுக்குக் கொடுக்கப் போனே தன் பங்குக்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. போனுக்குப் போன் இது மாறும்; விலை குறைந்த மாடல்களில் 100-ஐயும் தாண்டலாம். புளூடூத் மாட்டினால் அதற்குமேல் இன்னொரு 150, 200 ஏறிவிடும். உதவுகிற எதிரொலி தடுமாற வைக்கிற எதிரொலியாகிறது. "போட்டதும் திக்கல் கூடிப்போச்சு" என்று சொல்பவர்களில் பலர் மாட்டியிருப்பது புளூடூத்தாகத்தான் இருக்கும். அதைச் செயலியின் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

உண்மைத் தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். செயலியை ஓடவிட்டு, இயர்போனின் ஒரு பக்கத்தை இரண்டாவது போனின் மைக்கோடு ஒட்டிவையுங்கள். இரண்டாவது போனில் ரெக்கார்டிங் ஓடட்டும். மேசையில் நாணயத்தால் ஒரு தட்டு. பதிவை அலைவடிவம் காட்டும் ஏதாவது ஒரு ஆடியோ எடிட்டரில் திறந்தால் இரண்டு கூர்முனைகள் தெரியும்: நேராக விழுந்த தட்டு ஒன்று, செயலி வழியாக வந்தது ஒன்று. இடைவெளிதான் உண்மைத் தாமதம். திரையில் பூஜ்யம் வைத்தும் 90 காட்டினால் அந்தப் போன் இதற்கு ஆகாது.

மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஒயரிலேயே மைக் இருப்பது நல்லது. சி-டைப் துளை மட்டும் உள்ள போனுக்கு மாற்றி (அடாப்டர்) வாங்கினால் மைக்கும் வேலை செய்கிறதா என்று கடையிலேயே பேசிப் பாருங்கள். பாட்டு மட்டும் கேட்கும் மாற்றிகளும் உண்டு. ஸ்பீக்கரில் போட வேண்டாம், கீச்சென்று ஊளையிடும்.

செயலியால் எந்த நாளும் தீர்க்க முடியாத ஒன்று, சத்தமே கிளம்பாத அடைப்பு. குரல் வந்தால்தானே அதைத் தாமதிக்க முடியும்? 'க', 'த', 'ப' என்று தொடங்கும் சொல்லில் உதடோ நாக்கோ பூட்டிக்கொண்டால் காதில் வெறும் அமைதிதான். மூச்சை மெல்ல விட்டு, உதட்டையோ நாக்கையோ லேசாக மட்டும் தொட்டு எழுத்தைத் தொடங்கும் பயிற்சியை ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லித்தருவார். அது இல்லாமல் செயலி மட்டும் பாதி வேலைதான்.

வெளியிடங்களில் இன்னும் மோசம். வடசேரி பஸ் நிலையத்தில் ஹாரனும் சேர்ந்தே தாமதித்துக் காதுக்கு வருகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மைக்கில் பஞ்சு உறை மாட்டினாலும் இரைச்சல்தான். போன் அழைப்பு வந்ததும் ஆண்ட்ராய்டு மைக்கை அழைப்புக்குக் கொடுத்துவிடுவதால் செயலி ஊமையாகிவிடும். திக்குவாய்க்காரர் அதிகம் பயப்படுவது போன் பேச்சுக்குத்தான். அங்கே இது உதவாது என்பதை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

தினம் 15 நிமிட வாசிப்பு, பிறகு அதே பத்தி இயர்போன் இல்லாமல். இரண்டாவதை விட்டால், கழற்றியதும் திக்கல் பழையபடி வந்து உட்காரும். சிலருக்குச் சில வாரங்களில் காது பழகிப் பலன் மங்கவும் செய்யும். ஒலியைப் பாதிக்கு மேல் வைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் சேராத பிள்ளைக்கு இதை மாட்டக் கூடாது. அந்த வயதுத் திக்கல் பெரும்பாலும் தானே போகும், போகாவிட்டால் தெரபிஸ்ட்தான். பக்கவாதத்துக்குப் பிறகு சொல் வராமல் போனவருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவருக்கு மனசுக்குள்ளேயே சொல் அகப்படாமல் இருக்கலாம், எதிரொலி அதைத் தேடித் தராது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, பேச்சுப் பயிற்சிக்கு வழி கேளுங்கள்.