காந்தல் கம்பியும் காந்தாத திரியும்

என் மேசைமேல் இப்போது மூன்று காயில்கள் கிடக்கின்றன. வேப் என்கிற மின்-சிகரெட்டுக்குள் சூடாகி ஜூஸை, அதாவது நிகோட்டின் திரவத்தை, ஆவியாக்கும் கம்பிச் சுருள்கள் இவை. மூன்றையும் ஒரே 3 மில்லிமீட்டர் ஜிக்கில்தான் (சுற்றும் அச்சில்) சுற்றினேன். மூன்றும் 26 கேஜ் கம்பி, அதாவது ஏறக்குறைய 0.4 மி.மீ. தடிமன். ஆறு சுற்று, இரண்டு பக்கமும் கால்போல நீளும் நுனி அரை சென்டிமீட்டர். கண்ணால் பார்த்தால் எது எதுவென்று எனக்கே தெரியாது. ஓம் மீட்டரில் வைத்தால்தான் குட்டு உடையும்: காந்தல் 0.85 ஓம், நைக்ரோம் 0.64, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 0.44.

காந்தல் என்ற பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. சோற்றுப்பானை அடிப்பிடித்தால் நாம் சொல்லும் காந்தலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்வீடன்காரர் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ உருவாக்கிய கம்பி இது. ஆனால் காயிலுக்குள் ஜூஸை உறிஞ்சித் தரும் திரியைச் சரியாகப் போடாவிட்டால் வாயில் வருவது நம்மூர்க் காந்தலேதான்.

இதை எழுதக் காரணம் ஒரு நண்பன். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனைக்குத் தடை வந்தது. "இனி நானே காயில் சுத்திக்கப் போறேன் மச்சான், எந்தக் கம்பி வாங்கட்டும்?" என்று கேட்டான். சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு வந்த ஆள் அவன், நானும் அப்படித்தான். புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம், நிகோட்டின் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. இந்தியாவில் 2019 முதல் இவற்றின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அங்கே இருப்பவர்கள் வேடிக்கை மட்டும் பாருங்கள்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். காயிலை நாமே மாட்டும் தலைப்பகுதியில் இரண்டு வகை: ஜூஸைச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் வகைக்கும் டேங்க் உள்ள வகைக்கும் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ஆர்.டி.ஏ.' என்றுதான் வரும். அதனால் முதலாவதை டிரிப்பர், இரண்டாவதை டேங்க் என்றே சொல்கிறேன்.

கம்பிகள்

காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. சூடாகும்போது மேலே அலுமினிய ஆக்சைடு படிந்து ஒரு தோல்போல ஆகிவிடும். உள்ளே இருக்கும் உலோகத்தை அது காக்கும். உலைகளிலும் டோஸ்டர்களிலும் காலங்காலமாக இருக்கும் கம்பி. முரட்டுத்தனமாக நடத்தினாலும் தாங்கும். சிவக்கச் சிவக்கச் சூடேற்றி, செராமிக் இடுக்கியால் அழுத்தி, மறுபடி சிவக்கவைத்துச் சுற்றுகளை ஒட்டவைக்கலாம். தப்புப் பண்ணிப் பழகுவதற்கு இதைவிட நல்ல கம்பி இல்லை. குறை என்றால், கொஞ்சம் வில்போலத் துள்ளும். ஸ்க்ரூவை இறுக்கும்போது கால் நழுவி நம் பொறுமையைச் சோதிக்கும்.

நைக்ரோம் 80 என்பது 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் இந்தக் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். மின்சார டோஸ்டர் சாத்தியமானதே இதனால்தான். மெத்தென்று வளையும், காலை இறுக்கும் தூணான போஸ்ட்டில் சொன்ன இடத்தில் நிற்கும். பட்டனை அமுக்கியதும் சட்டென்று சூடேறுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் ஒற்றைக் கம்பிக் காயிலில் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. கடைக்காரர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316எல் வேறு ஜாதி. இதன் தடை சூட்டோடு சேர்ந்து ஏறும். அறைச் சூட்டில் 0.44 ஓம் காட்டும் என் காயில் 200 டிகிரியில் 0.51 பக்கம் போய்விடும். காந்தலில் இந்த ஏற்றம் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குக் குறைவு. மோடுக்குள், அதாவது பேட்டரி இருக்கும் அடிப்பாகத்துக்குள், இருக்கும் சிப் அந்த ஏற்றத்தைப் படித்து, "ஓ, கம்பி இத்தனை டிகிரி" என்று கணக்குப்போட்டு மின்சாரத்தைக் குறைக்கும். இதைத்தான் டெம்ப் கன்ட்ரோல் (சூட்டுக் கட்டுப்பாடு) என்கிறார்கள். திரி ஈரமாக இருக்கும்வரை ஜூஸ் கொதித்து ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். புரோபிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். கலவை நடுவில் எங்கோ. திரி காய்ந்தால்தான் சூடு எகிறும். எகிறும் அந்த நொடியில் சிப் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே நிபந்தனை, சுற்றுகளுக்கு நடுவே ஒரு முடி இடைவெளி விட வேண்டும். ஒட்டிச் சுற்றினால் ஒரு சுற்று அடுத்ததைத் தொட்டு, தடை ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு எண் காட்டும்.

டெம்ப் கன்ட்ரோல் வந்த புதிதில், 2014 கடைசியில், எல்லோரும் சுத்த நிக்கல் கம்பிக்குத்தான் ஓடினார்கள். அதன் தடை 200 டிகிரிக்குள் இரட்டிப்புக்கு மேல் ஏறும், சிப்புக்குப் படிக்க எளிது. ஆனால் நூல்போல வளையும், சிவக்கவும் வைக்கக் கூடாது. பின்னால் டைட்டானியம் வந்தது. அதைச் சிவக்க வைத்தால் வெள்ளைத் தூளாக ஆக்சைடு உதிரும். இரண்டும் என் டப்பாவில் துருப்பிடிக்காமல் தூங்குகின்றன. துருப்பிடிக்காது என்பதே அவற்றின் நல்ல குணம்.

நிக்கல் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிற ஆள் என்றால் நைக்ரோம் வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறினால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் நிறைய. 316எல்-லிலும் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. காந்தலில்தான் அது சேர்மானமே இல்லை.

முறுக்கிய கம்பிகள் பற்றிக் கேட்பீர்கள். கிளாப்டன் என்றால் தடித்த கம்பிமேல் முடிபோன்ற கம்பியைச் சுற்றியது. கிட்டார் நரம்புபோல இருப்பதால் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரை வைத்தார்கள். அந்தச் சின்னச் சின்னப் பள்ளங்களில் ஜூஸ் தங்கும், பரப்பு கூடும், சுவை அடர்த்தியாக வரும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உலோகம் அதிகம் என்பதால் சூடேற நேரமாகும், பேட்டரியைக் குடிக்கும், ஜூஸையும் குடிக்கும். பிரிட்டனில் டேங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் விற்கக் கூடாது. கிளாப்டன் போட்டால் ஒரு பஸ் பயணத்துக்கு முன்பே அது காலி. அதற்கப்புறம் வந்த, இன்னும் சிக்கலாக முறுக்கிய ஏலியன் வகையெல்லாம் மேக்ரோ லென்ஸுக்காகச் செய்தவை. அழகுப் போட்டிக்கு அனுப்பலாம்.

ஓம் கணக்கு விளையாட்டில்லை

முதலில் சொன்ன மூன்று எண்களுக்கு மறுபடி வருகிறேன். அதே மாதிரி இரண்டு காயில் சுற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும் டிரிப்பரில் போட்டால் தடை பாதியாகும். காந்தல் ஜோடி 0.42, ஸ்டெயின்லெஸ் ஜோடி 0.22. சிப் இல்லாத மெக்கானிக்கல் மோடில், முழுச் சார்ஜில் உள்ள 4.2 வோல்ட் பேட்டரி காந்தலுக்கு 10 ஆம்பியர் தரும், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 19. சாம்சங் 25ஆர் பேட்டரியின் தொடர் வரம்பே 20 ஆம்பியர்தான். ஒரு சுற்றைக் குறைத்தால் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். மெக்கானிக்கல் மோடு என்றால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு காந்தலுக்கு. பேட்டரியின் பிளாஸ்டிக் உறை நகம் பட்ட அளவு கிழிந்திருந்தாலும் அதை ஒதுக்குங்கள். 2019-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் வேப் கருவி வெடித்து 24 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார்.

திரி: சண்டை இங்கேதான்

கம்பிக்கு இத்தனை வாதம் செய்கிறோமே, அதில் பாதியைத் திரிக்குச் செய்திருக்கலாம். நல்ல திரியோடு மட்டமான காயில் ஒப்பேறிவிடும். மட்டமான திரியோடு எந்தக் காயிலும் தேறாது.

முதலில் இருந்தது சிலிக்கா நூல். தீய்ந்தே போகாது, கழுவிச் சிவக்கவைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் வெட்டும்போது உதிரும் கண்ணாடித் துகள் நெஞ்சுக்குள் போகுமோ என்ற பயம் இருந்தது. பருத்தி வந்ததும் எல்லோரும் அதை விட்டார்கள். அதே காலத்து ஜெனிசிஸ் என்ற டேங்க் வகையில் ஸ்டெயின்லெஸ் வலையைச் சுருட்டித் திரியாகப் போடுவார்கள். உலோகத் திரியை உலோகக் கம்பி தொடும், அப்புறம் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? நெருப்பில் வாட்டி மேலே ஆக்சைடு பூசி, இரண்டு மணி நேரம் ஒற்றைச் சூட்டுப் புள்ளியோடு மல்லுக்கட்டிய நாட்கள் எனக்கு இருக்கின்றன. ஏக்கமெல்லாம் இல்லை.

மிச்சம் இரண்டுதான்: பருத்தி, ரேயான்.

பருத்தி எளிது. ஜப்பானிய வெளுக்காத பஞ்சுப் பட்டையில் மேல்தோல் இரண்டையும் உரித்துவிட்டு, இழை ஓடும் திசையிலேயே ஒரு பட்டையைக் கிழித்து, நுனியை முறுக்கிக் காயிலுக்குள் நுழைக்க வேண்டும். இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். காயில் கூடவே நகர்ந்தால் பஞ்சு அதிகம். பாட்டி தொடையில் உருட்டிய விளக்குத் திரியை நினைத்துக்கொண்டுதான் நானும் முதலில் உருட்டினேன். அது தப்பு. விளக்கில் முறுக்கேறிய திரி நின்று எரியும், அதற்கு அதுதான் வேலை. இங்கே திரி எரியவே கூடாது, வெறுமனே குடிக்க வேண்டும். முறுக்கினால் குடிக்காது.

பருத்தியின் குணம், நனைந்தால் ஊதும். காய்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்தது நனைந்ததும் காயிலுக்குள் நெரிபடும். இதை நான் கற்றது லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன் வாசலில். கிளிசரின் மிகுந்த கெட்டி ஜூஸுக்கு மாறியிருந்தேன், திரி பழையபடி இறுக்கம். மூன்றாவது இழுப்பில் தொண்டையில் தீய்ந்த துணி. கண்ணில் நீர் வர இருமியதைப் பார்த்து யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இந்தக் காய்ந்த இழுப்புக்கு ஆராய்ச்சியிலும் இடம் உண்டு. 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம், 5 வோல்ட்டில் ஓட்டிய வேப்பிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சைத் தரும் பொருள்கள் ஏராளமாக வருகின்றன என்றது. கிரேக்க ஆய்வாளர் ஃபர்சலினோஸ் அதே ஆண்டு காட்டியது, ஃபார்மால்டிஹைடு மாதிரியான ஆல்டிஹைடு நச்சுகள் அப்படி எகிறுவது திரி காய்ந்த நிலையில்தான், அந்தச் சுவையை மனிதர் தாங்கி இழுக்கவே மாட்டார் என்று. இயந்திரம் இழுக்கும், நாம் துப்பிவிடுவோம். ஆக, நாக்கில் தீய்ந்த சுவை பட்டால் "இன்னும் ஒரு இழுப்பு" என்று பார்க்காதீர்கள். திரியை மாற்றுங்கள்.

ரேயான் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் இழை; சலூன்களில் பெர்ம் பண்ணி முடியைச் சுருட்டும்போது நெற்றியோரம் சுற்றும் பஞ்சாகத்தான் அது விற்றுக்கொண்டிருந்தது. பருத்திக்கு நேர் எதிர்: நனைந்தால் ஊதாது, கொஞ்சம் அமுங்கும். அதனால் பருத்தியைவிடக் கூடுதலாகத் திணிக்க வேண்டும். காயில் வளைந்துவிடுமோ என்று பயம் வரும் வரைக்கும். முதல் தடவை யாருக்கும் மனசு வராது. குறைவாகப் போட்டுவிட்டு, டேங்க் ஒழுகுகிறது என்று திட்டுவார்கள். ஆனால் சரியாகப் போட்டுவிட்டால் ஜூஸை இழுக்கும் வேகமே தனி, முதல் டேங்கில் பஞ்சு வாசனையும் இருக்காது.

இரண்டுக்கும் பொதுவான சூட்சுமம் வாலில், அதாவது காயிலுக்கு வெளியே நீளும் திரி நுனியில், இருக்கிறது. டேங்கில் வால் நுனி ஜூஸ் வரும் துளையின் வாயில் உட்கார வேண்டும், உள்ளே அடைக்கக் கூடாது. வெட்டியபின் இடுக்கியால் நுனியை வாரி, மூன்றில் ஒரு பங்கு இழையை உதிர்த்துவிடுவேன். டிரிப்பரில் இத்தனை கவலை வேண்டாம். வாலைக் காயிலுக்கு அடியில் தளர்வாக மடித்து, தரையைத் தொட விட்டால் போதும். அதனால் டிரிப்பருக்குப் பருத்தி, டேங்குக்கு ரேயான் என்று நான் பிரித்துக்கொண்டுவிட்டேன்.

செலவைக் கேட்டால், வெட்டி எறியும் கால்களையும் சேர்த்து ஒரு காயிலுக்கு 10 சென்டிமீட்டர் கம்பி. 10 மீட்டர் ரோலில் நூறு காயில். எந்தக் கம்பியாக இருந்தாலும் அதே கணக்கு, அதனால் விலையை வைத்துத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை.

மேசைமேல் கிடந்த மூன்றில் காந்தலை நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவன் வைத்திருப்பது டெம்ப் கன்ட்ரோல் இல்லாத சாதாரண வாட்டேஜ் மோடு, உலோக வாட்ச் வார் பட்டாலே மணிக்கட்டு சிவக்கிற ஆள் வேறு. ஸ்டெயின்லெஸ் என் டேங்குக்குள் போகிறது, 220 டிகிரியில் வைத்து, ரேயான் திணித்து. நைக்ரோம் டப்பாவுக்கு. நண்பன் நேற்று போன் பண்ணி, "கிளாப்டன் போட்டுத் தர மாட்டியா?" என்றான். முதலில் வாலை வெட்டப் பழகு என்றேன்.