ஸ்டேட்டா: நீளமான மாறிப் பட்டியலும் வாய் திறக்காத லோக்கலும்

ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர், "இத்தனை மாறிகளை ஸ்டேட்டாவில் எப்படிண்ணே கட்டி மேய்க்கிறீங்க?" என்று கேட்டார். ஸ்டேட்டா ஒரு புள்ளியியல் மென்பொருள்; மாறி என்பது தரவு அட்டவணையில் வயது, கல்வி போன்ற ஒரு நெடுவரிசை. அவர் கையில் இருப்பது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21). பெண்கள் கோப்பில் மட்டும் ஆயிரக்கணக்கான மாறிகள். 2,048 மாறிகளைத் தாண்டாத பிஇ என்ற அடிப்படைப் பதிப்பில் அதை முழுதாகத் திறக்கவே முடியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பி5_* என்று ஒரு நட்சத்திரம் போட்டால், பிறந்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்ற இருபது மாறிகளும் வந்து நிற்கும். இரண்டு மாறிப் பெயர்களுக்கு நடுவே கோடு போட்டும் எழுதலாம். சாஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் ஒற்றைக் கோடு என்றால் எண் வரிசை. ஸ்டேட்டாவிலோ தரவில் மாறிகள் நிற்கும் வரிசை. நடுவில் வேறொன்று புகுந்திருந்தால் அதுவும் கூடவே வரும். பழகிவிடும்.

பழகாதது மேக்ரோ, அதாவது ஒரு நீளமான பட்டியலுக்குப் பதிலாக நிற்கும் குறும்பெயர். வயது, கல்வி, செல்வக் குறியீடு என்ற கட்டுப்பாட்டு மாறிகள் எல்லாவற்றையும் ஒரு லோக்கலில் (அந்த ஓட்டத்துக்குள் மட்டும் செல்லும் மேக்ரோவில்) போட்டு 'கன்ட்ரோல்ஸ்' என்று பெயர் வைக்கிறோம். கீழே அழைக்கும்போது ஓர் எழுத்து விட்டுப்போனால் பிழைச்செய்தி வராது. இல்லாத மேக்ரோவை வெற்றிடமாக எடுத்துக்கொண்டு, கட்டுப்பாட்டு மாறி ஒன்றுகூட இல்லாமல், மாறிகளுக்கு இடையிலான தொடர்பைக் கணிக்கும் ரெக்ரஷன் ஓடி முடிந்துவிடும். அட்டவணை பார்க்க அழகாகவே இருக்கும். கட்டளைகளை எழுதிவைக்கும் டூ-ஃபைலில் நாலு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினாலும் இதே கதை. மேலே வரையறுத்த லோக்கல் அங்கே செல்லாது. ஒரு மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் கத்துகிற மென்பொருள், மொத்தப் பட்டியலே காணாமல் போனால் சும்மா இருக்கிறது! அதனால் ஒவ்வொரு ரெக்ரஷனுக்கு மேலேயும், பட்டியல் காலியாக இல்லை என்று சரிபார்க்க ஓர் அசெர்ட் வரி வைக்கிறேன்; நிபந்தனை பொய்யானால் அது ஓட்டத்தை நிறுத்திவிடும். காசு கொடுத்து வாங்கியதற்குக் காவலும் நாமே.

ஸ்டேட்டாவின் 16ஆம் பதிப்பில் வந்த, மாறிப் பட்டியல்களைக் கையாளும் விஎல் கட்டளை நிஜமாகவே நன்றாக இருக்கிறது. மாறிகளைத் தானே வகை பிரிக்கும், பட்டியல்கள் தரவோடு சேர்ந்தே சேமிக்கப்படும். ஒரு மாறியில் பத்துக்கு மேல் நூறு வரை வெவ்வேறு மதிப்புகள் இருந்தால் 'சந்தேகம்' என்ற கூடையில் போடும். 15 முதல் 49 வரையான வயதும் மாநிலக் குறியீடும் ஒரே கூடையில் கிடக்கும். கையால் நகர்த்திவிட்டால் சரி. ஆனால் பட்டியலை அழைப்பது குளோபல் மேக்ரோவாகத்தான், அதாவது எங்கிருந்தும் அழைக்கக்கூடிய மேக்ரோவாக. எழுத்து தவறினால் அதே மௌனம்.

ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் இல்லாத பட்டியலைக் கேட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கேயே போங்கள். நான் அடுத்த வருடமும் ஸ்டேட்டா உரிமத்தைப் புதுப்பிப்பேன்.